மாய வாசலில் ஐந்து அய்யார்கள்

கதைசொல்லிகளின் இந்தியா – 14

சென்ற வாரம் அக்பரின் சித்திரக்கூடத்தில் நிறுத்தியிருந்தோம். 1556இல் பதின்மூன்று வயதில் அரியணை ஏறிய பையன், எழுத்துப் படிக்காதவர், அமீர் ஹம்ஸாவின் கதையைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகவே வைத்திருந்தவர். அவருக்காகத் துணியில் தீட்டப்பட்ட 1,400 சித்திரங்களையும், அவற்றுக்குப் பிடித்த சுமார் 15 ஆண்டு உழைப்பையும், மேற்பார்த்த மீர் சையத் அலி, அப்துஸ் ஸமத் என்ற இரண்டு பாரசீக ஓவியர்களையும் பார்த்தோம். அந்த 1,400இல் இன்று 200கூட மிஞ்சவில்லை. வியன்னாவில் 60 இருக்கின்றன. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருப்பவற்றுள் பெரும்பாலானவை 1881இல் ஸ்ரீநகரில் வாங்கப்பட்டவை. அவற்றுள் சில அங்கே ஜன்னல் மறைப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

துணிக்கு நேர்ந்த கதி அது. கதையோ மனிதர்களின் வாயில் பத்திரமாக இருந்தது. அந்த வாய்களைப் பற்றித்தான் இந்த வாரம்.

ஹம்ஸா வரலாற்றில் இருந்தவர். நபிகள் நாயகத்தின் சிறிய தந்தை. 625இல் உஹத் போரில் வீழ்ந்தவர். ஆனால் கதையின் ஹம்ஸாவுக்கும் அவருக்கும் பெயரும் வீரமும் தவிர ஒட்டு உறவு அதிகம் இல்லை. கதையின் ஹம்ஸா பாரசீகப் பேரரசன் நௌஷேர்வானின் மகளைக் காதலிக்கிறான், காஃப் மலைக்கு அப்பால் அரக்கர்களோடும் தேவதைகளோடும் பதினெட்டு வருடம் கிடந்து போராடுகிறான், பறக்கும் குதிரையில் ஏறுகிறான். பாரசீகத்தில் திரண்ட இந்தக் கதை வணிகர்களோடும் படைவீரர்களோடும் ஊர் ஊராகப் போயிற்று. 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைத் தாக்குவதற்கு முந்தைய இரவு, மனத்தைத் தைரியப்படுத்திக்கொள்ள ஒரு வீரகதை வாசித்துக் கேட்க வேண்டும் என்று இளம் பிரபுக்கள் கேட்டபோது, சுல்தான் முதலில் கொடுக்க நினைத்தது ஹம்ஸாவின் கதையைத்தான் என்று மலாய் வரலாற்று நூல் சொல்கிறது. ஜாவாவில் இவன் பொம்மலாட்டத்துக்குள் நுழைந்தான். வங்காளத்தில் ஏட்டுக் கவிதையானான்.

வட இந்தியாவில்தான் அவனுக்கு நேர்ந்தது வேறு. அங்கே கதை பெருத்தது. பெருத்துப் பெருத்து, நாயகனையே ஓரமாகத் தள்ளிவிட்டு, தனக்கென்று ஒரு மாய உலகத்தையே கட்டிக்கொண்டது.

டெல்லியிலும் லக்னோவிலும் இதைத் தொழிலாகச் செய்தவர்களுக்குத் தாஸ்தான்கோ என்று பெயர். தாஸ்தான் என்றால் நீண்ட கதை. அதைச் சொல்பவர் தாஸ்தான்கோ. ராகம் கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி, குரலும் கையும் முகமும் மட்டுமே கருவி. நவாபின் மாளிகை, பிரபுக்களின் கூடம், டெல்லி ஜாமா மசூதியின் படிக்கட்டு, அபின் குடிப்பவர்கள் கூடும் இடம் என்று எங்கேயும் சொல்வார்கள். ஒரே கதை மாதக்கணக்கில் ஓடும்.

தாஸ்தானுக்கு நான்கு அங்கம் சொல்வார்கள்: போர், சபை, மாயம், தந்திரம். போர்க்களமும் சபை வருணனையும் பாரசீகத்திலேயே இருந்தவை. மாயத்தையும் தந்திரத்தையும் வளர்த்து ஆளாக்கியது லக்னோ. அதோடு கதையை நிறுத்திவைக்கும் கலை ஒன்றும் அங்கே பெரிதாகப் போற்றப்பட்டது. சம்பவம் ஒரு அடிகூட முன்னே நகரக் கூடாது. ஆனால் கேட்பவன் எழுந்து போகவும் கூடாது. ஓர் ஆசான் வெளியூர் போகவேண்டி வந்ததாம். காதலன் காதலியின் அறை வாசலுக்கு வந்துவிட்டான், நடுவே ஒரு திரை மட்டும் இருக்கிறது என்ற இடத்தில் கதையைச் சீடனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். பல நாள் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால் திரை இன்னும் விலகவில்லை. சீடன் அந்தத் திரையையும் அறையையும் இரண்டு மனங்களின் தவிப்பையும் சொல்லிக்கொண்டே இருந்தான். சபையும் கலையாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. இது நடந்ததோ இல்லையோ, அந்தத் தொழிலில் இருந்தவர்கள் எதைத் திறமை என்று நினைத்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

டெல்லியில் கவிஞர் மிர்ஸா காலிப் இந்தக் கதைகளுக்கு அடிமை. 1857இன் அழிவுக்குப் பிறகு, ஊரும் நண்பர்களும் சிதறிய நிலையில், ஹம்ஸா கதையின் பெரிய பிரதி ஒன்றும் ‘போஸ்தான்-எ-கயால்’ என்ற இன்னொரு தாஸ்தானும் தன் கைக்கு வந்து சேர்ந்த மகிழ்ச்சியை ஒரு கடிதத்தில் எழுதுகிறார். பகலெல்லாம் கதை, இரவெல்லாம் மது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்கிற தொனி. உருதுவின் மிகக் கடினமான கவிஞர், மந்திரவாதிகளும் மாயக் கோட்டைகளும் நிறைந்த கதையில் இப்படி மூழ்கியதை அவருடைய பலவீனமாகச் சிலர் பார்த்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மொழியின் முழு வீச்சையும் காலிப் கண்டது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

இப்போது மாயத்துக்கு வருவோம்.

திலிஸ்ம் என்பது ஒரு மந்திரவாதி கட்டிய தனி உலகம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மலை, ஒரு காடு. எல்லையைத் தாண்டி உள்ளே போனவன் திரும்ப முடியாது. உள்ளே வேறு வானம், வேறு சட்டம். ஆனால் எந்தத் திலிஸ்மும் நிரந்தரம் இல்லை. அதைக் கட்டும்போதே அது எப்போது, யாரால் உடையும் என்பதும் குறிக்கப்பட்டுவிடும். அதை உடைக்கும் வழி ஒரு பலகையில் எழுதப்பட்டு எங்கோ மறைந்திருக்கும். அந்தப் பலகை விதிக்கப்பட்ட வீரனின் கையில் கிடைத்தால், ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்ய வேண்டும் என்று அதிலேயே எழுத்து தோன்றும். இப்படி நூற்றுக்கணக்கான திலிஸ்ம்கள் ஹம்ஸா கதையில் உண்டு. அவற்றுள் பெரியது ஹோஷ்ருபா. கேட்பவரின் அறிவைக் களவாடுவது என்று பொருள்படும் பெயர்.

இதைக் கற்பித்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் லக்னோவின் மீர் அஹ்மத் அலி. பிற்காலத்தில் ராம்பூர் சமஸ்தானத்துக்குப் போய்ச் சேர்ந்த தாஸ்தான்கோ. அவரோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு பெயர் அம்பா பிரசாத் ரஸா. ஹோஷ்ருபாவுக்குப் பாரசீகத்தில் மூலம் இருப்பதாகவும், அது அக்பர் அவையின் ஃபைஸி எழுதியது என்றும் பின்னால் அச்சில் ஒரு பெருமை ஒட்டிக்கொண்டது. அப்படி ஒரு மூலம் இல்லவே இல்லை என்று, அச்சில் வந்த ஹம்ஸா கதையின் நாற்பத்தாறு தொகுதிகளையும் தேடிச் சேர்த்து ஆராய்ந்த ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூகி நிறுவினார். ஹோஷ்ருபா முழுக்க முழுக்க இந்த மண்ணில், கூலிக்குக் கதை சொன்னவர்களின் கற்பனையில் பிறந்தது. அரபுப் பெயர்களையும் பாரசீக அலங்காரத்தையும் பார்த்து அதை அயல்சரக்கு என்று ஒதுக்குபவர்களுக்கு இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம்.

கதை இப்படித் தொடங்குகிறது. தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொள்ளும் லகா என்ற ராட்சசன் ஹம்ஸாவின் படையிடம் தோற்று நாடு நாடாக ஓடுகிறான். கடைசியில் அகீக் மலைநாட்டில் தஞ்சம் புகுகிறான். அதை ஒட்டியிருப்பது ஹோஷ்ருபா. அந்த மாய நாட்டின் பேரரசன் அஃப்ராசியாப். லகாவைக் கும்பிடுபவன்; ஆனால் அந்தக் கடவுளைவிட இவனுக்குத்தான் சக்தி அதிகம். ஹம்ஸாவின் மகன் பதீஉஸ்ஸமான் வேட்டைக்குப் போன இடத்தில் ஒரு மானைத் துரத்தி, தெரியாமல் ஹோஷ்ருபாவின் எல்லைக்குள் கால் வைத்துச் சிறைப்படுகிறான். மீட்க யார் போவது? ரமல் சாஸ்திரம் தெரிந்தவர்கள் கணித்துச் சொல்கிறார்கள்: இந்தத் திலிஸ்மை உடைக்கப் பிறந்தவன் ஹம்ஸாவின் பேரன் இளவரசன் அஸத். அவனோடு ஐந்து அய்யார்கள் போக வேண்டும்.

ஹோஷ்ருபாவுக்கு மூன்று மண்டலங்கள். கண்ணுக்குத் தெரியும் மண்டலம், மறைந்த மண்டலம், இருள் மண்டலம். வெளி மண்டலத்துக்கும் மறைந்த மண்டலத்துக்கும் நடுவே இரத்த ஆறு ஓடுகிறது. அதன் மேல் புகையால் ஆன பாலம். அஃப்ராசியாபிடம் ஸாமிரியின் புத்தகம் என்று ஒன்று உண்டு. திறந்தால் அந்த நொடியில் எங்கே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடும். ஆபத்தில் இருக்கும் தளபதிக்குச் சேதி அனுப்ப மாயப் பொம்மை பறக்கும். யாரையாவது தூக்கிவர வேண்டுமென்றால் வானத்திலிருந்து ஒரு மாயக் கை இறங்கும்.

இத்தனை வல்லமைக்கு எதிரே நிற்பவர்கள் ஐந்து பேர். அவர்களிடம் மந்திரம் இல்லை.

அய்யார் என்பவன் ஒற்றன், திருடன், வேடதாரி, ஓட்டக்காரன், மருந்து தெரிந்தவன் எல்லாம் சேர்ந்தவன். ஐவரில் தலைவன் அமர் அய்யார், ஹம்ஸாவின் பால்யத் தோழன். இரண்டாவது அபிசீனியனான கிரான். மண்டையைப் பிளக்கும் வெட்டுக்கத்திதான் அவன் கையெழுத்து. மூன்றாவது பர்க், பேரிலேயே ஃபிரங்கி, அதாவது ஐரோப்பியன். ஸர்காம், ஜான்ஸோஸ் இருவரும் மற்றவர்கள். ஒரு அரபு வீரனின் படைக்கு உள்ளே ஆப்பிரிக்கனும் ஐரோப்பியனும் நாயகர்களாக இருப்பதை லக்னோவின் சபை இயல்பாக ஏற்றுக்கொண்டது.

அமரிடம் மட்டும் சில தெய்வீகப் பொருட்கள் உண்டு. போர்த்தினால் உருவம் மறையும் போர்வை. எதையும் வாரிச் சுருட்டும் வலை. எல்லாவற்றுக்கும் மேலாக ஸம்பீல் என்ற பை. அந்தப் பைக்குள் நகரங்களும் ஆறுகளும் இருக்கின்றன, அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள். வென்ற பொருளெல்லாம், சில சமயம் வென்ற ஆட்களும், அதற்குள் போய்விடும். இத்தனை இருந்தும் அமர் மகா கருமி. செத்த மந்திரவாதியின் சட்டையைக்கூட விட்டுவைக்க மாட்டான். உலகத்தைக் காக்க வந்த வீரன் கூலிக்குப் பேரம் பேசுகிறான், கிடைக்காவிட்டால் புலம்புகிறான். ஹம்ஸாவின் குறையற்ற வீரத்தைக் கேட்டு வணங்கிய சபை, அமரைக் கேட்டுத்தான் சிரித்தது, அவனுக்காகத்தான் பயந்தது. அவன் சாதாரண மனிதர்களின் ஆள்.

அய்யார்களின் வேலை பெரும்பாலும் இப்படி: ஒரு மந்திரவாதி பெரும்படையோடு வந்து இறங்குகிறான். நேருக்கு நேர் நின்றால் அஸதின் பக்கம் சேர்ந்த கலகக்காரர்களின் படை ஒரு நாள் தாங்காது. இரவில் அந்தக் கூடாரத்துக்கு ஒரு பாடகி வருகிறாள், அல்லது ஒரு கிழவன், அல்லது அவனுடைய சொந்தப் பணியாள். விளக்கில் மயக்கப்பொடி எரியும், அல்லது மதுவில் அது கலந்திருக்கும். சபை முழுக்கச் சாய்ந்ததும் வேடம் கலைகிறது, கத்தி இறங்குகிறது. உடனே எங்கும் இருள் சூழும், புயல் வீசும், கல்லும் நெருப்பும் பொழியும். அந்த இருளுக்குள்ளிருந்து ஒரு குரல், என்னைக் கொன்றார்கள், என் பெயர் இன்னது என்று அலறும். ஹோஷ்ருபாவில் ஒவ்வொரு மந்திரவாதியின் மரணமும் இப்படித்தான் அறிவிக்கப்படுகிறது. ஒரு முறை பலித்த வேடம் மறுமுறை பலிக்காது. ஸாமிரியின் புத்தகம் காட்டிக் கொடுத்துவிடும். மாயப் பொம்மை வந்து, எதிரே பாடுகிறவள் அமர் என்று எச்சரித்துவிடும். அதனால் கதைசொல்லி ஒவ்வொரு இரவும் புதிய தந்திரம் பிடிக்க வேண்டியிருந்தது. அய்யாரின் பிழைப்பும் தாஸ்தான்கோவின் பிழைப்பும் அந்த வகையில் ஒன்றே. இருவரும் வேடம் மாற்றி, குரல் மாற்றி, தன்னைவிட வலியவனின் சபையில் உட்கார்ந்து அவனை மயக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்திலும் அய்யார்கள் உண்டு, அவர்கள் பெண்கள். வாள்வீச்சில் தேர்ந்த ஸர்ஸர் அவர்களுக்குத் தலைவி. அமருக்கும் ஸர்ஸருக்கும் நடக்கிற துரத்தலில் பாதி பகை, பாதி காதல்.

இன்னும் வியப்பானது அஸதின் பக்கம் போர் நடத்துபவர்கள் யார் என்பதுதான். இளவரசன் பெரும்பாலும் சிறையில் கிடக்கிறான். அவனைக் காதலித்து அஃப்ராசியாபை விட்டு வந்த மஹ்ஜபீன் கலகக்காரர்களின் அரசியாக முடி சூட்டப்படுகிறாள். படையை உண்மையில் நடத்துவது அவளுடைய உறவினளும் பெரும் மந்திரக்காரியுமான மஹ்ருக். பிறகு வந்து சேர்பவள் பஹார், அஃப்ராசியாபின் பட்டத்தரசி ஹைரத்தின் சொந்தத் தங்கை. பஹாரின் மந்திரம் வசந்தம். அவள் ஒரு பூச்செண்டை எறிந்தால் போர்க்களம் பூத்துக் குலுங்கும். எதிரிப் படைவீரர்கள் ஆயுதத்தைப் போட்டுவிட்டு, கண்ணீரோடு காதல் கவிதை சொல்லிக்கொண்டு அவள் பின்னால் நடப்பார்கள், அவள் சொன்னால் தங்களையே வெட்டிக்கொள்வார்கள். 1880களில் அச்சேறிய ஒரு வீரகதையில், போரின் இரு பக்கமும் பெண்கள் தளபதிகளாக இருக்கிறார்கள், அரசியல் பேசுகிறார்கள், கட்சி மாறுகிறார்கள். இந்தியப் புனைகதையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டாமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மறைக்காமல் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது உண்மை மதத்துக்கும் மாயத்துக்குமான போராகவே சொல்லப்படுகிறது. பிடிபட்ட மந்திரவாதிக்கு முன் இரண்டே வழிகள்: ஹம்ஸாவின் மதத்தை ஏற்பது, அல்லது சாவது. அந்தக் கதையை வளர்த்தவர்களில் அம்பா பிரசாத் இருந்தார், அச்சிட்டவர் ஓர் இந்து, கேட்ட சபையிலும் வாங்கிப் படித்தவர்களிலும் எல்லோரும் கலந்திருந்தார்கள். அவர்களுக்கு இரண்டும் முரணாகப் படவில்லை.

1856 பிப்ரவரியில் கம்பெனி அவத் நாட்டைப் பிடுங்கிக்கொண்டது. நவாப் வாஜித் அலி ஷா கல்கத்தாவுக்குப் போனார். அடுத்த ஆண்டு கிளர்ச்சி. 1858 மார்ச்சில் ஆங்கிலப் படை லக்னோவைத் திரும்பப் பிடித்தபின் பழைய நகரத்தின் பெரும்பகுதியை இடித்துத் தள்ளிச் சாலை போட்டது. கதைசொல்லிகளுக்குச் சோறு போட்ட கூடங்கள் போயின. அதே 1858இல், இடிபாடுகளுக்கு நடுவே, இருபத்திரண்டு வயது முன்ஷி நவல் கிஷோர் ஓர் அச்சகம் தொடங்கினார். குர்ஆனையும் இந்து சாஸ்திரங்களையும் ஒரே அக்கறையோடு பதிப்பித்த அச்சகம் அது. உருது எழுத்தின் வளைவுகளை உலோக அச்சில் கொண்டுவருவது கடினம். அதனால் எழுத்தர்கள் கையால் எழுதி, அந்த எழுத்தைக் கல்லில் ஏற்றி அச்சிட்டார்கள். விலை மலிவு. பிரபு வீட்டுக் கூடத்தில் மட்டும் கேட்டதை இனி யாரும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

1871இல் அப்துல்லா பில்கிராமி திருத்திய ஒற்றைத் தொகுதி ஹம்ஸா கதையை நவல் கிஷோர் வெளியிட்டார். அது விற்ற வேகத்தில் பெரிய துணிச்சல் பிறந்தது. தாஸ்தான்கோக்களையே வேலைக்கு அமர்த்தி, அவர்கள் வாயில் இருந்த முழுக்கதையையும் அச்சில் இறக்குவது என்று முடிவு செய்தார். 1883இல் முஹம்மத் ஹுசைன் ஜாஹ் எழுதிய ஹோஷ்ருபாவின் முதல் தொகுதி வந்தது. நான்கு தொகுதிகளோடு 1890 வாக்கில் ஜாஹ் விலகினார். தொடர்ந்தவர் அஹ்மத் ஹுசைன் கமர். 1893க்குள் ஏழாம் தொகுதிவரை முடித்தார். இருவரும் இருவிதம். ஜாஹ் நிதானமானவர், ஒரு தோட்டத்தையோ ஒரு பெண்ணின் உடையையோ வருணிக்கத் தொடங்கினால் மொழி மணக்கும். கமருக்கு வேகம், போர், அடுக்கடுக்கான மாயம். ஜாஹைக் குறைத்துப் பேசுவதற்குத் தன் தொகுதிகளின் பக்கங்களையே பயன்படுத்திக்கொண்டார். எனக்கு ஜாஹ்தான் பிடிக்கும்.

ஹோஷ்ருபா மட்டும் எட்டாயிரம் பக்கத்துக்குக் குறையாது. ஹம்ஸா வரிசை முழுவதும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 46 தொகுதிகளாக நிறைந்தது. நாற்பதாயிரம் பக்கத்துக்கும் மேல். நவல் கிஷோர் 1895இல் இறந்தபோது வேலை பாதிதான் ஆகியிருந்தது, வாரிசுகள் தொடர்ந்தார்கள். அந்தப் பக்கங்களில் பத்தி பிரிப்பு இல்லை, நிறுத்தக்குறி இல்லை. சபையில் மூச்சு எங்கே வாங்குவார்களோ அங்கேதான் வாசகனும் வாங்க வேண்டும்.

கோரக்பூரில் பதின்மூன்று வயதில் ஒரு பையன் இதைப் படித்துக் கிடந்தான். பின்னாளில் பிரேம்சந்த் என்று பெயரெடுத்தவர். தன் எழுத்து வாழ்க்கையின் தொடக்கத்தைச் சொல்லும்போது ஹோஷ்ருபாவை அவர் மறக்காமல் குறிப்பிடுகிறார். ஆனால் அவருடைய காலத்துச் சீர்திருத்தவாதிகள் தாஸ்தானை வெறுத்தார்கள். மந்திரமும் காதலும் நாட்டைக் கெடுத்தன, ஆங்கிலேயரிடம் தோற்றதற்கு இந்த மயக்கமும் ஒரு காரணம், இனி யதார்த்த நாவல் வேண்டும் என்றார்கள். பள்ளிப் பாடங்களும் அவர்கள் பக்கம் சாய்ந்தன. டெல்லியின் கடைசிப் பெரிய தாஸ்தான்கோ மீர் பாக்கர் அலி, பிழைப்புக்குப் பாக்கு விற்றுக்கொண்டிருந்த நிலையில் 1928இல் இறந்தார். எண்பது ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளிக்குப் பிறகு, 2005இல், ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூகியின் தூண்டுதலால் மஹ்மூத் ஃபாரூகி டெல்லி மேடையில் அந்தக் கலையை மறுபடி நிகழ்த்தினார். வெள்ளை அங்கி, வெள்ளைத் தொப்பி, இருவர், ஹோஷ்ருபாவின் ஒரு துண்டு. அதை விரிவாகப் பின்னால் பார்க்கலாம்.

அதற்கு முன் காசிக்குப் போக வேண்டியிருக்கிறது. ஜாஹ் நான்காம் தொகுதிக்கு வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், காசி ராஜாவின் காடுகளில் மரக் குத்தகை எடுத்திருந்த தேவகிநந்தன் கத்ரி, சுனார் கோட்டை, நௌகட், சகியா பகுதிகளின் பாழடைந்த கோட்டைகளையும் குகைகளையும் சுற்றிக்கொண்டிருந்தார். 1888இல் அவர் வெளியிட்ட ‘சந்திரகாந்தா’வில் திலிஸ்ம் இருந்தது, அய்யார்கள் இருந்தார்கள். மந்திரத்தை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சுரங்கங்களையும் பொறிகளையும் வைத்தார். அதைப் படிப்பதற்காகவே உருது மட்டும் தெரிந்த ஆயிரக்கணக்கானோர் நாகரி எழுத்துக் கற்றார்கள் என்பார்கள். அடுத்த வாரம் சுனார் கோட்டையிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)